பரிசோதனை எல்லாம் நார்மல்... பயம் மட்டும் ஏன் போகவில்லை?

நோய் வந்துவிடுமோ என்ற பயம் பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு மனநல மருத்துவரும் ஒரு மருத்துவ உளவியலாளரும் சேர்ந்து எழுதிய பதில்கள். வயது, பகுதி தவிர மற்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: வயது 31. ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, கே.ஆர். புரத்தில் வீடு. கூட வேலை பார்த்தவர் மாரடைப்பில் இறந்ததிலிருந்து எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயம். படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. மூன்று மாதத்தில் நாலு ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில் டெஸ்ட். எல்லாம் நார்மல். ரிப்போர்ட் வந்து ரெண்டு நாள் நிம்மதியாக இருப்பேன், மறுபடி ஆரம்பித்துவிடும். ஸ்மார்ட்வாட்சைக் கழற்ற முடியவில்லை. மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டேன். என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு வரும் படபடப்பு நிஜம், மரத்துப்போவதும் நிஜம். "எல்லாம் உன் கற்பனை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உடம்பில் நடப்பது இதுதான். பயம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது, தலை லேசாவது, நெஞ்சு இறுகுவது எல்லாம் அதனால் வருபவை. அந்த நேரத்தில் வாட்சைப் பார்த்தால் 110 என்று காட்டும். அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும், அடுத்த முறை 120 காட்டும். இந்தப் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும்.

துடிப்பு விட்டுப்போவது போல் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு துடிப்பு கொஞ்சம் முந்தி வந்துவிடுகிறது, அதன் பின் சிறிய இடைவெளி, அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. நீங்கள் உணர்வது அந்த இடைவெளியையும் பலமான துடிப்பையும்தான். ஆரோக்கியமான ஆட்களுக்கு, இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் மானிட்டரை 24 மணி நேரம் மாட்டிப் பார்த்தாலும் இப்படிச் சில துடிப்புகள் இருக்கும். தூக்கம் கெட்டாலும், காபி அதிகமானாலும் கூடும். எக்கோவும் டிரெட்மில்லும் நார்மலாக இருப்பவருக்கு இது பொதுவாக ஆபத்தில்லை.

உங்கள் பயத்துக்கு ஒரு காரணமும் இல்லை என்று சொல்ல மாட்டோம். நம் நாட்டில் மாரடைப்பு சின்ன வயதிலேயே வருகிறது. 2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது பெங்களூரின் இதய மருத்துவமனைகளுக்கு எத்தனை இளைஞர்கள் ஓடினார்கள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் டாக்டர் சொன்ன இடைவெளியில் பார்ப்பது, சிகரெட் இருந்தால் விடுவது: இதயத்துக்குச் செய்ய வேண்டியது இது. ஐந்தாவது ஈசிஜி இதயத்துக்கு எதுவும் செய்யாது. பயத்துக்குத்தான் இரண்டு நாள் தீனி போடும். ஒவ்வொரு பரிசோதனையும் மூளைக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறது: "பரிசோதித்ததால்தான் தப்பித்தேன்." அதனால்தான் அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வருகிறது.

எனவே முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள். ஒரு சின்ன நோட்டில் நேரம், உடம்பில் தோன்றியது, மனதில் ஓடியது, அதற்கு நீங்கள் செய்தது (நாடி பார்த்தேன், வாட்ச் பார்த்தேன், கூகுளில் தேடினேன்), பயம் நூற்றுக்கு எவ்வளவு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு. இவ்வளவு போதும். வார முடிவில், ஒரு நாளைக்கு எத்தனை முறை சோதிக்கிறீர்கள் என்ற எண் கையில் இருக்கும். நினைத்ததைவிட அதிகமாகவே இருக்கும்.

இரண்டாம் வாரம் வாட்சில் இதயத்துடிப்பு எச்சரிக்கைகளை அணைத்துவிடுங்கள். மூன்றாம் வாரம் இரவில் வாட்சை அடுத்த அறையில் வையுங்கள். நான்காம் வாரம் பகலிலும் கழற்றுங்கள். நேரம் பார்க்க சாதாரண கைக்கடிகாரம் போதும். நாடி பார்க்கக் கை பரபரக்கும்போது "கூடாது" என்று சண்டை போடாமல் தள்ளிப்போடுங்கள். முதலில் பத்து நிமிடம், பழகியதும் இருபது, பிறகு நாற்பது. அந்தப் பத்து நிமிடம் வேலையைத் தொடருங்கள், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். பல முறை அதற்குள் பரபரப்பு இறங்கிவிடும். கூகுளுக்கும் இதே முறைதான்.

அடுத்தது மாடிப்படி. டிரெட்மில் டெஸ்டில் தேறியவர் படி ஏறலாமா என்று டாக்டரிடம் ஒரே ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு தினமும் ஒரு மாடி, நாலு நாள் கழித்து இரண்டு. வீட்டில் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடி, வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்து, நாடியைத் தொடாமல் உட்காருங்கள். படபடப்பு வரும், அதுவாகவே போகும். உடம்பு அதை நேரில் பார்க்க வேண்டும், வாயால் சொன்னால் பயம் நம்பாது.

இந்தப் பயிற்சி பலருக்குப் பலிக்காமல் போவது ஒரே இடத்தில்தான். பாக்கெட்டில் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை இருக்கும், படி ஏறும்போது போனில் 108 தயாராக இருக்கும், மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் தெருவில் மட்டும் நடப்பார்கள். மாத்திரை பையில் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். மூச்சுப் பயிற்சியும் இப்படி ஆகக்கூடும். படபடப்பை விரட்டுவதற்காக மூச்சை எண்ண ஆரம்பித்தால் அதுவும் ஒரு சோதனைதான். நிதானமாக மூச்சு விடுவது நல்லது, தினமும் குறித்த நேரத்தில் செய்யுங்கள், பயம் வந்த நேரத்தில் மருந்தாக எடுக்காதீர்கள்.

எப்போது உண்மையிலேயே ஓட வேண்டும் என்பதை டாக்டருடன் பேசி ஒரு அட்டையில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போன்ற வலி சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பது, உழைக்கும்போது அப்படி வலி வருவது, வலி கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் அல்லது மயக்கம். இவை வந்தால் 108. இவை இல்லாமல் உங்களுக்கு வழக்கமாக வரும் படபடப்பும் மரத்துப்போவதும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கும். பயத்தின் நடுவில் உட்கார்ந்து முடிவெடுக்கும் வேலையை இந்த அட்டை உங்களிடமிருந்து எடுத்துவிடும். ஒரே டாக்டரைப் பாருங்கள், ஆறு வாரத்துக்கு ஒரு முறை, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கேள்வி: வயது 38, சிவாஜிநகர். என் பெரியம்மா புற்றுநோயில் இறந்தார். ஆறு மாதமாகக் கழுத்தில் ஒரு பட்டாணி அளவு கட்டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், சாதாரண நெறிகட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை, வளர்ந்தால் வாருங்கள் என்றார். எந்நேரமும் கை அங்கேதான் போகிறது. இப்போது வலிக்கவும் செய்கிறது. வீட்டில் "கேன்சர்" என்று யார் சொன்னாலும் எழுந்து போய்விடுகிறேன். ஓசூர் ரோட்டில் கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறுவதில்லை.

பதில்: கழுத்தில் நெறி கட்டுவது தொண்டை, பல், தலைத்தோல் என்று எந்தச் சின்னத் தொற்றுக்கும் நடக்கும். தொற்று போன பிறகும் பட்டாணி அளவில் மாதக்கணக்கில் தங்குவது உண்டு, ஒல்லியானவர்களுக்குக் கைக்கு நன்றாகவே தட்டுப்படும். தினமும் அதைப் பிடித்து அழுத்தினால் அந்த இடம் வலிக்கும், வீங்கவும் செய்யும். வலி வந்ததும் "பார், கூடுகிறது" என்று மறுபடி அழுத்துவீர்கள்.

டாக்டரிடம் கவனிக்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன: ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்துகொண்டே போவது, கல் போல் கெட்டியாகி நகராமல் இருப்பது, காறை எலும்புக்கு மேலே தோன்றுவது, கூடவே காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடை குறைவது. இதைத் தெரிந்துகொள்ள மாதத்துக்கு ஒரு நாள் போதும். ஒன்றாம் தேதி என்று வையுங்கள், குளிக்கும்போது ஒரு முறை, விரல் நுனியால் லேசாக. மற்ற நாட்களில் கை கழுத்துக்குப் போனால் உடனே இறக்கி வேறு வேலையைப் பிடியுங்கள். கண்ணாடி முன் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பதும், போனில் படம் எடுத்துப் போன மாதப் படத்தோடு ஒப்பிடுவதும் தொடுவதற்குச் சமம். அந்தப் படங்களை அழித்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமாக எங்களுக்குப் படுவது பஸ் விஷயம். தொட்டுத் தொட்டுப் பார்ப்பது பயத்தின் ஒரு கை என்றால் ஒதுங்கிப்போவது இன்னொரு கை, இரண்டையும் சேர்த்தே விடுவிக்க வேண்டும். படிப்படியாகப் பட்டியல் போடுங்கள். முதலில் "புற்றுநோய்" என்று ஒரு தாளில் இருபது முறை எழுதி வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து, பெரியம்மாவைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் எழுந்து போகாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு கணவரையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில் ஒரு முறை, பிறகு தனியாக. கடைசியில் ஆஸ்பத்திரி ஸ்டாப்பிலேயே இறங்கி கால் மணி நேரம் நில்லுங்கள். ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும் வரை நின்று, பிறகு மேலே போங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடிவிட்டால் அந்தப் படி கூடுதல் பலத்தோடு நிற்கும். அப்படி ஆனால் ஒரு படி கீழே போய்த் திரும்ப ஆரம்பியுங்கள். வாரத்தில் ஒரு நாள் செய்தால் பலன் வராது, நாலைந்து நாளாவது வேண்டும்.

பெரியம்மாவை இழந்த துக்கமும் இதில் கலந்திருக்கலாம். அதைப் பேச ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: கணவருக்கு 45 வயது. "எனக்கு ஒண்ணும் இல்லையே? முகம் வெளுத்திருக்கா? நாக்கைப் பாரேன்" என்று நாளுக்கு இருபது தடவை கேட்கிறார். "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். ஒரு நாள் கத்திவிட்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை. — மர்ஃபி டவுன் வாசகி

பதில்: அம்மா, இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. கேட்டவுடன் ஆறுதல் சொல்வதுதான் யாரும் செய்வது. ஆனால் அந்த ஆறுதல் அவருக்குப் பத்து நிமிடம்தான் தாங்குகிறது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். உப்புத் தண்ணீர் குடித்துத் தாகம் தீர்ப்பது போல, குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறும்.

திடீரென்று பதில் சொல்வதை நிறுத்தினால் அவருக்கு நீங்கள் கைவிட்டது போலிருக்கும். பயம் இல்லாத ஒரு நேரத்தில், ஞாயிறு காலை டிபன் முடிந்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். "நான் சொல்ற பதில் உங்க பயத்தைக் கூட்டுது. இனிமே இந்தக் கேள்விக்கு ஆமா, இல்லை ரெண்டும் சொல்ல மாட்டேன். ஆனா கூட இருப்பேன்" என்று சொல்லி அவர் சம்மதத்தை வாங்குங்கள். அவர் சம்மதமில்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

பிறகு அவர் கேட்கும்போது ஒரே வாக்கியம் போதும்: "இது பயம் கேக்குற கேள்விங்க. நாம பேசி வச்சது ஞாபகம் இருக்கில்ல? வாங்க, மொட்டை மாடிக்குப் போய்ட்டு வரலாம்." குரலில் எரிச்சல் கூடாது, விளக்கமும் கூடாது. விளக்கத் தொடங்கினால் அரை மணி நேர வாதமாகிவிடும், வாதம் முடிவில் "அப்ப ஒண்ணும் இல்லைன்னு சொல்றியா?" என்று அதே கேள்வி வந்து நிற்கும்.

முதல் வாரம் கேள்விகள் குறையாது, கூடும். பெரும்பாலான குடும்பங்கள் அங்கேதான் விட்டுக்கொடுத்துவிடுகின்றன. ஏழு தடவை மறுத்து எட்டாவது தடவை பதில் சொன்னால், எட்டு தடவை கேட்க வேண்டும் என்று பழகிக்கொள்வார். கேள்வி வேறு உருவத்திலும் வரும். அறிகுறியை விவரித்துவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பார். ரிப்போர்ட்டை டாக்டர் உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிள்ளையைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். உறவினரிடம் நீங்களே பேசி வையுங்கள். பிள்ளைகளை மட்டும் இதில் கட்டாயம் விலக்கி வைக்க வேண்டும், இந்தப் பயத்தை அவர்கள் வெகு சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

அவரிடம் உடம்பைத் தவிர வேறு எதைப் பற்றியாவது தினமும் பேசுங்கள். பல வீடுகளில் அக்கறை காட்டும் ஒரே வழி "உடம்பு எப்படி இருக்கு?" என்றாகிவிடுகிறது. வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் மேலே சொன்ன எதையும் பார்க்க வேண்டாம், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: வருடா வருடம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் ரெண்டு மூணு வரி தடித்த எழுத்தில் வருகிறது. தூக்கம் போய்விடுகிறது. — ராஜாஜிநகர்

பதில்: ரிப்போர்ட்டில் இருக்கும் நார்மல் அளவு பெரும்பாலும் எப்படிக் கணக்கிடப்படுகிறது தெரியுமா? ஆரோக்கியமானவர்களின் அளவுகளை எடுத்து, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை நார்மல் என்று வைக்கிறார்கள். மீதி 5 சதவீதமும் ஆரோக்கியமானவர்கள்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், ஒரு நோயும் இல்லாதவருக்கும் குறைந்தது ஒன்று எல்லை தாண்டி வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. பேக்கேஜில் அறுபது, எழுபது பரிசோதனை இருக்கிறது. தடித்த எழுத்து இல்லாமல் வந்தால்தான் ஆச்சரியம். ரிப்போர்ட் மெயிலில் வந்ததும் திறக்காமல், டாக்டர் முன்னால் திறந்து பாருங்கள். அடுத்த ஆண்டு பேக்கேஜை விட்டு, உங்கள் வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் எது வேண்டும் என்று அவரிடமே கேட்டு அதை மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். மெஷின் வாங்கிக் கொடுத்ததிலிருந்து நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பார்க்கிறார். — ஸ்ரீராமபுரம்

பதில்: பார்க்க வேண்டியதை ஒழுங்காகப் பார்க்கட்டும். டாக்டர் கேட்கும்போது ஏழு நாள், காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம். அதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி, பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல். முந்தைய அரை மணி நேரம் காபி கூடாது. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டில் அது 135/85-க்குக் கீழே இருந்தால் பொதுவாக நல்ல கட்டுப்பாடு. ஏழாம் நாள் முடிந்ததும் மெஷின் உங்கள் பீரோவில் இருக்கட்டும். பதற்றத்தோடு எடுத்த ஒரு அளவைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆபத்து.

கேள்வி: பதற்றத்துக்கு டாக்டர் எஸ்சிடலோபிராம் மாத்திரை எழுதியிருக்கிறார். பக்கவிளைவுகளைப் படித்ததும் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அடிமையாகிவிடுவேனா? — பெல்லந்தூர்

பதில்: உடம்பைப் பற்றிப் பயப்படுபவருக்கு மாத்திரை பயம் வருவது இயல்பு. அதனால்தான் பெரும்பாலும் 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 10 ஆக்குவார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டல், தலைவலி, வயிறு இளகுவது, கொஞ்சம் பரபரப்பு, தூக்கம் மாறுவது வரலாம், பெரும்பாலும் தானாகப் போகும். தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவது சிலருக்கு நீடிக்கும், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், மூன்றாம் நாள் எடை போட வேண்டாம். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்ற ஏக்கத்தை இந்த மாத்திரை உண்டாக்காது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் ஷாக் அடித்தது போன்ற உணர்வும் வரும், அதனால் டாக்டர் சொல்படி மெதுவாகக் குறைக்க வேண்டும். அல்பிரசோலாம் வகை மாத்திரைகள் வேறு. அரை மணியில் பயத்தை அடக்கும், சில வாரத்திலேயே உடம்பு அதைக் கேட்கப் பழகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று அதை விழுங்க வேண்டாம்.

கேள்வி: பெங்களூரில் தமிழில் பேசி இதற்கு எங்கே சிகிச்சை எடுக்கலாம்? எத்தனை நாள் ஆகும்? — அல்சூர்

பதில்: தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய்ப் பதிய வேண்டும், கூட்டம் இருக்கும், ஒரு நாளை ஒதுக்கிவிட்டுப் போங்கள். பி.டி.எம். லேஅவுட்டில் அவர்களுடைய நலவாழ்வு மையமும் இருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் பயிற்சியால் மாற்றும் சிகிச்சைக்கு சிபிடி என்று பெயர். தனியாரிடம் போனால் "சிபிடி முறையில் பயிற்சி பெற்றவரா? நோய்ப் பயத்துக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டே நேரம் வாங்குங்கள். பேசி ஆறுதல் சொல்லி அனுப்புவது இதற்குப் பலன் தராது. வீட்டுப்பாடம் கொடுத்து, அடுத்த வாரம் அதைக் கேட்பவர் வேண்டும்.

வழக்கமாக வாரம் ஒன்றாக 8 முதல் 16 அமர்வுகள். இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகளுக்கு வந்த 444 பேரை வைத்து நடத்தி 2014-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சையின் பலன் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைத்திருந்தது.

முதல் நாள் பெரிய ஃபைலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நோயைப் பற்றிப் பயம், எப்போது தொடங்கியது, செய்த பரிசோதனைகளும் தேதியும், நாளுக்கு எத்தனை முறை சோதிக்கிறீர்கள், இந்தப் பயத்தால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள், இப்போது சாப்பிடும் மருந்துகள். கடைசிக்கு முந்தைய வரியை விரிவாக எழுதுங்கள், சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும்.